வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கிறதா? குட்டியைக் கொண்டுவரும் முன் செய்ய வேண்டியவை

குட்டிக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றைத்தான்: இருக்கிற நாய்க்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்? பலரும் விட்டத்தைப் பார்ப்பார்கள். புதுக் குட்டி எங்கே விட்டாலும் நாலைந்து நாளில் ஒட்டிக்கொள்ளும். வீட்டையும் வாசலையும் தன் எல்லையாகக் காத்துவரும் பழைய நாயைத்தான் தயார் செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் மணி என்ற நாட்டு நாய் இருக்கிறது, ஆறு வயது. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பிறந்த சிட்டு என்ற குட்டியை அதனோடு சேர்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். சோறு வைப்பது, பெயர் சொல்லிப் பழக்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

படி 1: நாள் குறிப்பது

குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதைத் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் குட்டி கற்றுக்கொள்வது அந்த நாட்களில்தான். முப்பது நாளில் பிரித்து எடுத்த குட்டிக்கு அது தெரியாது. பெரிய நாயின் காதைப் பிடித்துத் தொங்கும், பிறகு அடி வாங்கும்.

தீபாவளி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் கூட்டம் வந்து தங்கும் வீடு என்றால் அந்த வாரமும் வேண்டாம். வீட்டில் ஆள் நடமாட்டம் வழக்கம்போல் இருக்கும் நாட்களே நல்லது.

படி 2: ஊசி, பூச்சி மருந்து, உண்ணி

பெரிய நாயை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும், பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நாய்த் தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் பெரிய நாயையே படுக்க வைத்துவிடும். குட்டி தாங்காது.

குட்டிக்கு முதல் கூட்டு ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போடுவார்கள். பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். இந்தச் சுற்று முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், நாலாவது படியில் இதுதான் குறுக்கே வந்து நிற்கும்.

உங்கள் வீட்டிலோ காம்பவுண்டிலோ முன்பு ஒரு குட்டி வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இறந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்பாதீர்கள், மணம்தான் மிஞ்சும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சில் முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். மண்ணும் அழுக்கும் இருக்கும் இடத்தில் பிளீச் வேலை செய்யாது, அதனால்தான் இந்த வரிசை. கழிவறைக்கு வைத்திருக்கும் ஆசிட்டை இதோடு கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

படி 3: தடுப்பு

விலை உயர்ந்த கம்பிக் கூண்டு தேவையில்லை என்பது என் கட்சி. நம் ஊர் வீடுகளில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு கிரில் கதவு இருக்கிறது. அதைவிட நல்ல தடுப்பு கிடையாது. ஒன்றையொன்று பார்க்கலாம், முகரலாம், தொட முடியாது. ஆனால் கீழ்ப்பகுதியில் கம்பி இடைவெளி அகலமாக இருந்தால் குட்டியின் தலை மாட்டிக்கொள்ளும். முழங்கால் உயரத்துக்குக் கோழி வலையைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கம்பியின் கூர்முனை வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும்.

படுக்கைக்கு மடித்த கோணிச் சாக்கு போதும். பஞ்சு மெத்தை வாங்கினால் அதைப் பிய்த்து விழுங்கப்போகிறது. சங்கிலி வேண்டவே வேண்டாம். அதன் சத்தமே நாயை விறைக்க வைக்கும், இரண்டு சங்கிலிகள் பின்னிக்கொண்டால் அவிழ்க்கவும் முடியாது. இரண்டு மீட்டர் நீளமுள்ள பருத்திப் பட்டை வார் இரண்டு வாங்குங்கள். தண்ணீருக்கு மண்சட்டி. வெயில் காலத்தில் குளிர்ச்சியாக இருக்கும், எளிதில் கவிழ்க்கவும் முடியாது.

குட்டி வருவதற்குச் சில நாள் முன்பே ஒரு பழைய துண்டைக் கொடுத்தனுப்பி, தாயோடும் குட்டிகளோடும் ஒரு இரவு போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். அதை மணியின் சோற்றுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டுவைத்தேன். முதல் நாள் முகர்ந்துவிட்டு முறைத்தது. பிறகு அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

படி 4: முதல் சந்திப்பு

இந்தப் படியில்தான் நான் நின்றுபோனேன். படித்த குறிப்புகள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது: முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம், இரண்டு நாய்க்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், ஒரு பூங்காவில், நடக்கவிட்டுப் பழக்குங்கள். மதுரையில் எந்த இடம் எந்த நாய்க்கும் சொந்தமில்லாமல் இருக்கிறது? ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு கூட்டம் உரிமை கொண்டாடுகிறது. வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடத்தலாம் என்றால் அங்கே அதற்கென்றே காவல் இருக்கும் நாய்கள் உண்டு. போதாததற்கு, ஊசி முடியாத குட்டியைத் தரையில் விடவும் கூடாது.

கடைசியில் வழி கொடுத்தது மொட்டை மாடிதான். எங்கள் மாடி உதவாது, மணி இரவில் தூங்குவதே அங்கேதான். எதிர்வீட்டு மதினியிடம் கேட்டேன். “வற்றல் காய்ந்துகொண்டிருக்கிறது, எடுத்த பிறகு கூட்டி வாருங்கள் தம்பி. பெரியது கடித்துவிடாதே?” என்றார். எங்கள் அப்பத்தாவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. கடிக்கும் என்று முடிவே கட்டியிருந்தார்.

வேறு நாய் ஏறாத மாடியாகப் பாருங்கள். முன்கூட்டியே பெருக்கிக் கழுவிவிடுங்கள். கைப்பிடிச் சுவரில் குட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால் செங்கல் வைத்து அடையுங்கள். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. சித்திரை, வைகாசியில் விளக்கு வைத்த பிறகும் தளம் கொதிக்கும், அப்போது விடியற்காலைதான் சரி.

இரண்டு பேர், இரண்டு வார். முதலில் பெரிய நாய் மேலே போய் மாடி முழுவதையும் முகர்ந்து முடிக்கட்டும். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிர்மூலையில் இறக்குங்கள். நேருக்கு நேர் கூட்டிப்போகாதீர்கள். இரண்டையும் ஒரே திசையில், நடுவில் நல்ல இடைவெளி விட்டு, பக்கவாட்டில் நடத்துங்கள். சுற்றுக்குச் சுற்று இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வாருங்கள். வார் தளர்வாகத் தொங்க வேண்டும். நீங்கள் இறுக்கிப் பிடித்தால், ஏதோ ஆபத்து என்று நாய் புரிந்துகொள்ளும். குட்டியின் பின்பக்கத்தை மூன்று நொடி முகரவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு விலக்குங்கள், ஒரு துண்டு கறி கொடுங்கள். மறுபடி நடை. பத்து நிமிடம் போதும்.

பார்க்க வேண்டியது வாலை மட்டும் அல்ல, வால் ஆடினாலே மகிழ்ச்சி என்று நினைப்பது தவறு. முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தினால் விளையாட்டுக்கு அழைப்பு. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உதட்டை நக்குவதும் ‘போதும்’ என்பதற்கு அடையாளம். உடல் விறைத்து, வாயை மூடி, கண் இமைக்காமல் நின்றால் உடனே விலக்குங்கள்.

உறுமினால்? விட்டுவிடுங்கள். இதற்குத்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. மணி உறுமியதும் சித்தப்பா செருப்பைத் தூக்கினார். உறுமல் என்பது எச்சரிக்கை. உறுமியதற்கு அடி வாங்கும் நாய் அடுத்த முறை உறுமாது, நேரே கடிக்கும். குட்டியை எடுத்து அப்பால் வையுங்கள், அவ்வளவுதான்.

படி 5: வீட்டுக்குள்

மாடியிலிருந்து இறங்கியதும் பெரிய நாய் முன்னே, குட்டி பின்னே. அதற்குள் சோற்றுத் தட்டு, எலும்பு, பந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருக்க வேண்டும். சாப்பாடு தனித்தனி அறையில், கதவு சாத்தி. குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை என்பதால் பெரியதற்குப் பொறாமை வரும். குட்டிக்கு வைக்கும்போதெல்லாம் பெரியதற்கும் ஒரு வாய் கொடுங்கள், மொத்த அளவு கூடாமல். குழம்புச் சோறு இரண்டுக்குமே வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

ஆள் பார்க்காத நேரத்தில் கிரில் கதவு மூடியே இருக்கட்டும், முதல் சில வாரங்களுக்காவது. நன்றாகப் பழகிவிட்டன என்று நீங்கள் நினைத்த பிறகும் இன்னும் ஒரு வாரம் மூடுங்கள். குட்டியின் பல் உங்கள் கையில் பட்டுத் தோல் கிழிந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ‘நம் குட்டிதானே’ என்ற பேச்சு அங்கே செல்லாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

வாடகை வீடு, மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். நாய் வளர்க்காத உறவினர் வீட்டின் கழுவிய முற்றம் போதும். அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் வேண்டாம், தெருநாய்கள் வந்து படுக்கும் இடம் அது.

பெரியது கிடா, குட்டி பெட்டை என்றால் இப்போதே மருத்துவரிடம் கருத்தடை பற்றிப் பேசிவிடுங்கள். ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும் குட்டிகள் உண்டு.

சிப்பிப்பாறையோ கன்னியோ வைத்திருப்பவர்களுக்கு: முயல் விரட்டிய இனங்கள் அவை. துள்ளி ஓடும் சிறு குட்டியைக் கண்டால் துரத்தத் தோன்றும். மாடியில் பெரிய நாயின் வாரைக் கையிலிருந்து விடவே கூடாது.

நான் எதிர்பாராத கேள்வி ஒன்று, ராஜபாளையம் குட்டி வாங்கியவரிடமிருந்து வந்தது: பெரிய நாய் எவ்வளவு உறுமினாலும் குட்டி விலகுவதே இல்லை, மேலும் மேலும் ஏறுகிறது. அந்த இனத்தின் வெள்ளைக் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை இருப்பது தெரிந்த விஷயம். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். திரும்பவே இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். கேளாத குட்டிக்கு உறுமல் என்ற எச்சரிக்கை போய்ச் சேராது, ஆகவே அதை விலக்கும் வேலை முழுவதும் உங்களுடையது. வீட்டுக்குள்ளும் குட்டிக்கு வார் மாட்டியே வைத்திருங்கள். தூங்கும்போது பெரிய நாய் மிதித்து எழுப்பினால் பதறிக் கடிக்கும், எனவே படுக்கை கிரில் கதவுக்கு அந்தப் பக்கம்தான். பெயருக்குப் பதிலாகக் கைச்சைகை ஒன்றைப் பழக்குங்கள். உள்ளங்கையைக் காட்டினால் கறித்துண்டு என்று தொடங்கினால் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.