யோனாவை மீனோடு விட்டுவிடாதீர்கள்

மே மாத விடுமுறையில் சபைகள் பிள்ளைகளுக்கு நடத்தும் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புகளின் பின்வரிசையில் உட்கார்ந்து, புதிய ஆசிரியர்கள் கதை சொல்வதைக் கேட்பது என் வேலை. நான் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகளை அச்சு மாறாமல் செய்கிறார்கள். ஏவாள் கையில் ஆப்பிள், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் சரியாக மூன்று பேர், தமஸ்கு வழியில் பவுல் குதிரையிலிருந்து விழுவது, இதெல்லாம் வேதத்தில் இல்லை என்று சபைப் பெரியவர் யாராவது வாசலிலேயே பிடித்துச் சொல்லிவிடுவார். அதற்கு நான் தேவையில்லை.

சனிக்கிழமை ராத்திரி வாசிப்பு

ஆசிரியர் கையேட்டை மட்டும் புரட்டிவிட்டு வருகிறவரை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கையேட்டில் கதை கால் பக்கம்தான் இருக்கும். அதை அரை மணி நேரத்துக்கு இழுக்க, இல்லாத சங்கதியெல்லாம் சேர்க்க வேண்டிவரும். வேதத்தையே எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். யோனா புத்தகம் மொத்தமே 48 வசனம். யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகல் ஆராதனையில் அதை முழுதாக வாசிக்கிறார்கள். திங்கட்கிழமை ஒருமுறை, வியாழக்கிழமை ஒருமுறை வாசித்துவிட்டால் சனிக்கிழமை கையேடே தேவைப்படாது. பாடத்துக்காக வாசிப்பது வேறு, தன் தியானத்துக்காக வாசிப்பது வேறு என்று சிலர் பிரித்துப் பேசுவார்கள். தங்களுக்கே ஒன்றும் கிடைக்காத பகுதியை எப்படித்தான் மற்றவருக்குச் சொல்கிறார்களோ!

கதையைப் பாதியில் நிறுத்துவது

இதைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். நன்றாகவே கதை சொல்லக்கூடிய ஒரு பெண். நினிவே என்ற ஊருக்குப் போய் எச்சரிக்கச் சொன்ன ஆண்டவரை விட்டுக் கப்பலேறி ஓடிய தீர்க்கதரிசி யோனாவின் கதை. புயல், மாலுமிகள் சீட்டுப் போடுவது, யோனாவைத் தூக்கிக் கடலில் எறிவது, எல்லாம் அமர்க்களம். மீன் கரையில் கக்கியது. ஃபிளாஷ் கார்டை மூடிவிட்டார். "இதுலருந்து என்ன கத்துக்கிட்டோம் பிள்ளைகளா? கீழ்ப்படியணும்!"

முன்வரிசைப் பையன் ஒருவன் விடவில்லை. "அக்கா, அப்புறம் அந்த ஊருக்கு என்ன ஆச்சு?"

"அது நாளைக்கு."

மறுநாள் பாடம் தானியேல்.

48 வசனத்தில் மீன் தலைகாட்டுவது மூன்றே வசனங்களில். மீனுக்குள்ளிருந்து யோனா சொல்லும் ஜெபம்கூட, மூழ்கிச் சாக இருந்தவனைக் காப்பாற்றியதற்கு நன்றிதான். மூன்றாம் அதிகாரத்தில் யோனாவின் எச்சரிப்பைக் கேட்டு ஊரே மனந்திரும்ப, நினிவேயின் மாடுகள்கூட இரட்டு (துக்கத்துக்கு உடுத்தும் சாக்குத் துணி) உடுத்திக்கொண்டு நிற்கின்றன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம் அது. அதையும் சேர்த்தே மூடிவிடுகிறார்கள். யோனா ஏன் ஓடினான் என்பது தெரியவருவதோ நாலாம் அதிகாரத்தில்தான். நினிவே அசீரியரின் பெருநகரம். பின்னால் இஸ்ரவேலின் வடநாட்டை விழுங்கிய வல்லரசு அது. 'நீர் இரக்கமுள்ளவர், அவர்களை விட்டுவிடுவீர் என்று தெரியும், அதனால்தான் முன்னமே ஓடினேன்' என்று ஆண்டவரிடமே சண்டைக்கு நிற்கிறான். மீனோடு முடித்தால் பிள்ளைகளின் மனதில் தங்குவது, சொன்னபடி கேட்காவிட்டால் கடவுள் மீனை அனுப்புவார் என்பதுதான். கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்று அழுத ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைப் போக்க அவள் அம்மா பட்ட பாடும் தெரியும்.

நாலாம் அதிகாரத்தில் கோபமாய் உட்கார்ந்திருக்கிற யோனாவுக்கு நிழலாக ஆண்டவர் ஓர் ஆமணக்குச் செடியை முளைக்கப்பண்ணுகிறார்; மறுநாள் புழு அரித்து அது வாடுகிறது. அதைச் சொல்லப் படமே வேண்டாம். ஓர் ஆமணக்கு இலையைக் காம்போடு ஒடித்துக்கொண்டு போங்கள். (இலை மட்டும். கொட்டை விஷம், பொடிசுகள் வாயில் போட்டுவிடும்.) அகலமான இலை, ஒரு பிள்ளையின் தலைக்கு மேல் பிடித்தால் முகம் முழுக்க நிழல் விழும். மின்விசிறிக் காற்றில் கொஞ்ச நேரத்திலேயே ஓரம் சுருண்டு தொங்க ஆரம்பிக்கும். அப்போது புழுவையும் கீழ்க்காற்றையும் சொல்லுங்கள். ஒரு செடி வாடியதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறாயே, இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான ஜனமும் அத்தனை மிருகங்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று ஆண்டவர் கேட்பதோடு புத்தகம் முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

தகப்பன் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் கெட்ட குமாரன் கதைக்கும் இதே வெட்டுதான் விழுகிறது. கொழுத்த கன்றை அடித்துவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வயலிலிருந்து வந்து, உள்ளே போக மனதில்லாமல் நிற்கிற அண்ணனைப் பற்றிப் பேச்சே இல்லை. பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று யூத மதப் பெரியவர்களான பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுத்ததால் இயேசு சொன்ன உவமை அது. அந்த அண்ணன் அவர்களேதான். கடைசியில் அவன் உள்ளே போனானா என்று லூக்கா 15-இல் இல்லை.

கடவுளுக்குக் கட்டைக் குரல்

வேண்டாம்.

சேட்டைக்காரப் பையனை யோனா ஆக்குவது

மறுநாள் அவன் வரமாட்டான்.

நீதியை ஜெபத்துக்குள் ஒளிப்பது

கடைசியில் நீதி சொல்லாதீர்கள் என்றால், சரி என்று தலையாட்டிவிட்டு அதையே கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள்: "ஆண்டவரே, யோனாவைப்போல இந்தப் பிள்ளைகள் கீழ்ப்படியாமல் போகாதபடி..." ஜெபம் ஆண்டவரிடம் பேசுவதற்கு, பிள்ளைகளிடம் பேச வேண்டியதைப் பிள்ளைகளிடமே பேசுங்கள். முடிவு ஜெபத்தை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஆமென் மட்டும் சொன்னால் போதும். ஒருமுறை ஒரு பொடியன், "மாட்டையெல்லாம் காப்பாத்துனதுக்கு ஸ்தோத்திரம்" என்று முடித்தான். அன்றைய மனப்பாட வசனம் வேறெதுவோ. வகுப்பு ஆசிரியர் திருத்தப் போனார்; நான் தடுத்துவிட்டேன்.