டைப்-சி துளை இருந்தும் சார்ஜ் ஏறாத விசிறி

மின்தடை நேரத்துக்கு வாங்கிய சிறிய விசிறி. டைப்-சி (யுஎஸ்பி-சி) துளைதான், ஆனால் இருபக்கமும் சி உள்ள கேபிளில் விளக்கே எரியாது. நான்கு நாள் வீணானது.

மூன்று கேபிள், இரண்டு சார்ஜர் மாற்றியாயிற்று. துளையைச் சுத்தம் செய்தும் பயனில்லை. பேட்டரியும் நன்றாகவே இருந்தது. பெட்டியோடு வந்த பழைய ஏ-டு-சி கேபிளில் (ஒரு முனை அகலமான யுஎஸ்பி-ஏ, மறுமுனை சி) மட்டும் ஏறியது. துப்பு அதுதான். ஏ துளையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும்; சி சார்ஜரோ, எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை தரும் சிறு பாகம்) தெரிந்தால்தான் மின்சாரம் விடும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, துளையின் ஆறு கால்களில் அந்த ரெசிஸ்டர் இருக்க வேண்டிய நடு இரண்டையும் (ஏ5, பி5) கிரவுண்டோடு (மின்சுற்றின் எதிர்முனை இணைப்பு) மல்டிமீட்டரில் அளந்தேன். இணைப்பே இல்லை. சில சென் (மலேசியச் சில்லறைக் காசு) மிச்சம் பிடிக்க ரெசிஸ்டர்களையே விட்டிருக்கிறார்கள்! பெட்டியில் 'டைப்-சி' என்று கொட்டை எழுத்து வேறு.

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வாங்கி, ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாகப் பற்றவைத்தேன். இரண்டு காலையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடாதீர்கள்; 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியின் முதல் பலகையில் நடந்த பிழை அதுதான். இ-மார்க்கர் (கேபிளின் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும்) சில்லுள்ள கேபிளில் அந்தக் கணினிக்கு மின்சாரம் கிடைக்கவில்லை.

பெரிய சார்ஜர் பொசுக்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். சாதனம் பேசிக் கேட்காதவரை 5 வோல்ட்டுக்கு மேல் வராது. இப்போது மடிக்கணினி சார்ஜரிலேயே ஏறுகிறது.