டீசல் லாரிக்கு பைபாஸ் ஆயில் ஃபில்டர்: ஒன்றரை மில்லிமீட்டர் துளையின் கதை

புது ஆயில் ஊற்றிச் சில நாள் ஓட்டிவிட்டு டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், மறுபடியும் கரி. லாரியோடு வரும் ஃபில்டர் மீது குற்றமில்லை. இன்ஜினுக்குப் போகும் ஆயில் முழுவதும் தடையின்றி அதைக் கடக்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கரி அதைவிடவும் பொடி. பைபாஸ் ஃபில்டர் ஆயிலில் சிறு பங்கை மட்டும் பிரித்து, நெருக்கமான தாள் வழியே மெல்லக் கசியவிட்டு, இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கே அனுப்பும்.

உதாரணத்துக்கு 5.9 லிட்டர் கம்மின்ஸ் பி வரிசை இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1989 முதல் 2007 வரை டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்தது இதுதான். ஜாம்ஷெட்பூரில் தயாரான இதே குடும்ப இன்ஜின் டாடா லாரிகளிலும் ஓடுகிறது.

தேவையானவை: ஃபில்டரைத் திருகி மாட்டும் ஃபில்டர் ஹெட், அதற்குப் பொருந்தும் பைபாஸ் வகை ஃபில்டர், ஹைட்ராலிக் ஹோஸ் இரண்டு, டீ எனப்படும் மூன்று வாய் இணைப்பு ஒன்று. கழிவறைத் தாள் சுருளையே வடிகட்டியாக வைக்கும் ஃப்ரான்ட்ஸ் ஃபில்டர் அமெரிக்காவில் பெயர் பெற்றது. தண்ணீர் பட்டால் தாள் ஊறும் என்பதால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இன்ஜின் ஆறட்டும். ஃபில்டர் ஹெட்டைச் சேஸிஸில், கல் தெறிக்காத, எக்ஸாஸ்ட் சூடு படாத இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

அடுத்து ஆயில் எடுக்கும் இடம். பிரஷர் சென்சாரைக் கழற்றி, டீயை மாட்டி, சென்சாரை அதன் ஒரு வாயில் திருப்பிவிடலாம். டர்போவுக்குப் போகும் குழாயிலிருந்து மட்டும் எடுக்கவே கூடாது. டீயின் மரையில்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். எட்டில் ஒரு அங்குல அளவில், அமெரிக்கக் குழாய் மரையான என்.பி.டி.க்கு அங்குலத்துக்கு 27 சுற்று, பிரிட்டிஷ் குழாய் மரையான பி.எஸ்.பி.க்கு 28. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டு மூன்று சுற்று இனிமையாக ஏறும், பிறகு பிடிக்கும். இறுகிவிட்டது என்று விட்டால் ஆயில் கசியும், பலம் காட்டினால் பிளாக்கின் மரை போய்விடும். மரை அளவுச் சீப்பை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டீயிலிருந்து ஹோஸ் தொடங்கும் இடத்தில் 1.5 மில்லிமீட்டர் துளையுள்ள அடைப்பான் இருக்க வேண்டும். லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். மூன்று பார் அழுத்தத்தில் இந்தத் துளை நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்குள்தான் விடும் என்பதால் பேரிங்குகளுக்குப் பஞ்சம் வராது. ஹோஸ் அறுந்தாலும், பிரஷர் முள் சரிவதைக் கண்டு வண்டியை நிறுத்த அவகாசம் கிடைக்கும். துளையை ஃபில்டர் பக்கம் வைத்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

திரும்பும் ஹோஸுக்கு ஆயில் ஊற்றும் மூடியே போதும். மூடியைக் கழற்றி வெளியே வைத்துத் துளையிட்டு, பிசிறு நீக்கிக் கழுவி, ஹோஸைச் செருகும் சிறு குழாயான நிப்பிளை மாட்டுங்கள். இன்ஜின் மேல் இருக்கும்போதே டிரில் போட்டால் உலோகத் தூள் உள்ளேதான் விழும். ஹோஸ் எங்கும் மடங்கவோ சேஸிஸில் உரசவோ கூடாது. உரசும் இடத்தில் ரப்பர் உறை போட்டு கிளாம்ப் அடியுங்கள்.

ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்டி, ஸ்டார்ட் செய்து, எல்லா இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து நிறுத்தி, ஆயில் வடிந்தபின் டிப் ஸ்டிக் பார்த்து, குறைந்த அளவை ஊற்றுங்கள். ஆயில் மாற்றும் கெடுவை மட்டும் நீட்டிவிடாதீர்கள்: ஆயிலில் கலந்திருந்து தேய்ந்துபோன சேர்மானத்தை (அடிட்டிவ்) எந்த ஃபில்டரும் திருப்பித் தராது, கலந்துவிட்ட டீசலையும் பிரிக்காது.

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஃபில்டர் டப்பாவின் அருகே கையைக் கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் ஆயில் ஓடுகிறது. என்னுடையது முதல் நாள் ஜில்லென்று இருந்தது. கழற்றிப் பார்த்தேன்: மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் ஒரு துணுக்கு அந்த ஒன்றரை மில்லிமீட்டர் துளையில் அடைத்திருந்தது. அன்றிலிருந்து மரைக்குப் பசைதான் பூசுகிறேன்.