ஊருக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக்கும் ஒரு வழி பார்த்து வையுங்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் ஊருக்கு டிக்கெட் போட்டதும், யாருக்கு என்ன கொண்டுபோவது என்றுதான் வீட்டில் பேச்சு ஓடும். வயதான அம்மா அப்பாவோடோ சின்னப் பிள்ளைகளோடோ போகிறவர்கள் இன்னொன்றையும் பேசி முடிவெடுங்கள்: நடுச்சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எதில் போவது?

யாழ்ப்பாணத்தில் நிற்பவர்களுக்கு நான் சொல்வது, உயிர் போகும் அவசரமென்றால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசு கட்டினால் உடனே பார்ப்பார்கள் என்று பலர் தனியாருக்கு ஓடுகிறார்கள். சாதாரண இருமலுக்கும் வயிற்றுக்கோளாறுக்கும் அது சரி. மாரடைப்பு, பக்கவாதம், பெரிய விபத்து என்றால் விசேட வைத்திய நிபுணர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே வளவில் இருப்பது யாழ் போதனா வைத்தியசாலையில், ஊர் வாயில் பெரியாஸ்பத்திரியில். தனியாரில் இறங்கி, அவர்கள் பார்த்துவிட்டு அங்கே அனுப்பினால், இடையில் போன நேரம் போனதுதான். வடமராட்சியில் நிற்பவர்களுக்குப் பருத்தித்துறையும், தென்மராட்சியில் சாவகச்சேரியும், வலிகாமம் வடக்கில் தெல்லிப்பழையும் கிட்ட. அந்த ஆதார வைத்தியசாலைகளில் முதலில் பார்த்து, தேவையென்றால் அவர்களே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நெடுந்தீவில் இரவு தங்க நினைப்பவர்கள், அங்கிருந்து கடல் கடந்துதான் வரவேண்டும் என்பதை யோசியுங்கள். இதய நோயாளியைக் கூட்டிப்போவதானால் முதலில் அவருடைய டொக்டரிடம் கேளுங்கள்.

அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய என்ற இந்த அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். சிக்கல் வருவது முகவரியில்தான். ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டைப் போனில் விளங்கப்படுத்துவது லேசான வேலையில்லை. போய் இறங்கிய அன்றே வீட்டுக்காரரிடம் கேட்டு, ஒழுங்கையின் பெயர், பக்கத்துக் கோயில், சந்தி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அழைத்த பிறகு ஒருவர் டோர்ச்சோடு சந்தியில் போய் நிற்கட்டும். உள்ளூர் சிம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், மந்திரித்துப் பார்வை பார்க்கிறவரிடமும் போகாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போகவேண்டும். மாரிமழைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்குவை நினையுங்கள். பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் அளவாகக் கொடுக்கலாம். ஐபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் வேண்டாம். இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துபாருங்கள். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று இருந்துவிடாதீர்கள், டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும்.

புறப்படுமுன் குடும்ப டொக்டரிடம் நோய் விவரம், ஒவ்வாமை, குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் மூலப்பெயரும் அளவும் அதில் இருக்கவேண்டும். இதய நோயாளியென்றால் பழைய ஈசிஜி பிரதி ஒன்றும் சேரட்டும். புதிய ஈசிஜியில் தெரிவது இப்போது வந்த மாற்றமா, முன்பே இருந்ததா என்று டொக்டர் அதை வைத்துத்தான் ஒப்பிடுவார். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள்.

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை, உயிராபத்தில் இருப்பவரை முதலில் எடுப்பார்கள். சண்டை பிடித்துப் பயனில்லை. ஆனால் மூச்சுத் திணறல் கூடினாலோ மயங்கினாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள். வார்ட்டில் அனுமதித்தால் போர்வை, கோப்பை, சவர்க்காரம் எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கும்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது பழைய நோய்களை மறைக்காதீர்கள், பிறகு பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடும். தனியார் ஆஸ்பத்திரியில் சேருமுன் காப்புறுதியின் அவசர இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். விபத்தென்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை வாங்குங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்டை, அதாவது என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதிய அட்டையை, கேட்டு வாங்குங்கள். காப்புறுதிக்காரருக்கும், திரும்பிப் போனதும் உங்கள் டொக்டருக்கும் காட்ட அதுதான் வேண்டும்.