பேஸ்பால் ட்ரேட் பேச்சு: முதலில் ஆண்டை எண்ணுங்கள்

நவம்பர் பிறந்ததும் அமெரிக்காவில் பேஸ்பால் மைதானங்களைப் பூட்டிவிடுவார்கள். ரசிகர்களுக்கோ அப்போதுதான் ட்ரேட் பேச்சு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் பேச்சு, களைகட்டும். "அந்தப் பிட்சரை வாங்கிடலாமே, நம்ம பையன்கள் ரெண்டு பேரைக் கொடுத்தா ஆகாதா?" என்று ஒருவர் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும்.

புதிதாக இந்தப் பேச்சில் சேர்கிறவர்கள் ஹோம் ரன்னையும் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) ஸ்ட்ரைக்அவுட்டையும் (பிட்சர் பேட்டரை அடிக்கவிடாமல் அவுட்டாக்குவது) மட்டும் ஒப்பிட்டுவிட்டு, "இது அநியாய ட்ரேட்" என்று முடித்துவிடுகிறார்கள். ட்ரேடில் உண்மையில் கைமாறுவது, ஒரு ஆட்டக்காரரிடம் அணிக்கு மிச்சமிருக்கும் ஆண்டுகள். அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று 2023 டிசம்பரில் நடந்த நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவின் ட்ரேடை வைத்தே காட்டுகிறேன்.

சான் டியேகோ பாட்ரெஸ் சோட்டோவையும் ட்ரென்ட் கிரிஷமையும் நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. பதிலுக்குப் பெற்றது ஐந்து பேரை: பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) மைக்கேல் கிங், ட்ரூ தார்ப், ஜானி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ், கேட்சர் கைல் ஹிகாஷியோகா.

படி 1: ஆண்டை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இந்தப் பக்கம் கொடுப்பவர்கள், அந்தப் பக்கம் வருபவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மிச்ச ஆண்டை எழுதுங்கள்.

விதி இதுதான். மேஜர் லீக் (உச்சநிலைத் தொடர்) பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு சர்வீஸ் ஆண்டு. ஆறு ஆண்டு சேர்ந்த பிறகு ஒப்பந்தம் இல்லையென்றால் ஆட்டக்காரர் ஃப்ரீ ஏஜென்ட். யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். முதல் மூன்று ஆண்டு பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே கிடைக்கும். அதன் பிறகு ஆர்பிட்ரேஷன்: சம்பளத்தில் உடன்பாடு இல்லையென்றால் நடுவர் முடிவு செய்வார். சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும்.

சோட்டோ 2018 மே மாதமே, 19 வயதில், வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு ஆட வந்துவிட்டார்; ஆனால் அந்த முதல் ஆண்டில் 172 நாள் நிறையவில்லை. அதனால் ட்ரேட் நடந்தபோது அவரிடம் மிச்சம் 2024 சீசன் ஒன்றுதான். அந்த ஓராண்டுக்குச் சம்பளம் 3.1 கோடி டாலர். எதிர்ப்பக்கம் பாருங்கள்: கிங்குக்கு இரண்டு ஆண்டு. பிரிட்டோவும் வாஸ்கெஸும் 2023இல்தான் அறிமுகமானவர்கள், கிட்டத்தட்ட முழுக் காலமும் பாக்கி. தார்ப் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாதவர். தாளில் எழுதிப் பார்த்தால், ஓராண்டு சோட்டோவுக்கு ஏன் ஐந்து பேர் கேட்டார்கள், ஏன் அவர்களில் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

படி 2: யாருக்கு என்ன பசி?

2023இல் யாங்கீஸ் 82 ஆட்டம்தான் வென்றது, பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்று) கிடைக்கவில்லை. அவர்களின் முக்கிய பேட்டர் ஆரோன் ஜட்ஜுக்குத் துணையாக இடதுகை பேட்டர் தேவை. யாங்கி ஸ்டேடியத்தில் வலப்பக்க மூலை வேலி 314 அடியிலேயே நிற்கிறது. இடதுகைக்காரர் இழுத்து அடித்தால் பந்து வெளியேதான். பாட்ரெஸுக்கோ சம்பளச் சுமையை இறக்க வேண்டும், அதோடு பிட்சர்களும் வேண்டும். அந்த ஆண்டு சை யங் விருது (சிறந்த பிட்சருக்கானது) வாங்கிய பிளேக் ஸ்னெல், சேத் லூகோ, மைக்கேல் வாக்கா எல்லாரும் ஒரே நேரத்தில் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிட்டார்கள். இரண்டு பசியும் பொருந்தியது.

படி 3: ஆட்டக்காரர் சம்மதம் வேண்டுமா?

பத்தாண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்தவர் எந்த ட்ரேடையும் மறுக்கலாம். சிலர் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை எழுதி வாங்கியிருப்பார்கள். 2024 டிசம்பரில் செயின்ட் லூயிஸின் நோலன் அரெனாடோ ஹியூஸ்டனுக்குப் போக மறுத்தது அப்படித்தான். இதைப் பார்க்காமல் போட்ட திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண்.

இன்னொன்று: சாதாரண டிராஃப்ட் வாய்ப்புகளை, அதாவது புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை, பேஸ்பாலில் ட்ரேட் செய்ய முடியாது. கூடைப்பந்து பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

படி 4: இடம் மாறி உட்காருங்கள்

தாளைத் திருப்பி, எதிரணி ரசிகராக நினைத்துப் படியுங்கள். மனசு ஒப்பவில்லையா? இன்னொரு பெயரைச் சேருங்கள். நான் இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடுவேன். நம் அணிப் பையன்களை நாம் எப்போதும் கூடுதலாகவே மதிப்பிடுகிறோம்.

படி 5: தீர்ப்பை இரண்டு ஆண்டு தள்ளிப் போடுங்கள்

2024 அக்டோபர் 19, கிளீவ்லாந்து, அமெரிக்கன் லீக் இறுதியின் ஐந்தாம் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். சோட்டோ பந்து பந்தாக ஃபவுலில் (எல்லைக்கோட்டுக்கு வெளியே) தட்டிக்கொண்டே நிற்கிறார். ஒவ்வொரு பந்துக்கும் பிட்சரைப் பார்த்துத் தலையசைக்கிறார். கடைசியில் வந்த வேகப்பந்து வேலியைத் தாண்டியது, மூன்று ரன். யாங்கீஸ் 2009க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடருக்குப் போனது. அங்கே டாட்ஜர்ஸிடம் தோற்றது. சோட்டோ 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸுக்குப் போய்விட்டார்.

பாட்ரெஸ் பக்கம் கிங் 2024இல் 201 ஸ்ட்ரைக்அவுட், 2.95 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது). தார்ப்பை வேறு மூன்று பேரோடு சேர்த்து சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்து பிட்சர் டிலன் சீஸை வாங்கினார்கள். சீஸ் அந்த ஜூலையிலேயே வாஷிங்டனில் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார். யாரும் பெரிதாகப் பேசாத கிரிஷம் 2025இல் யாங்கீஸுக்கு 34 ஹோம் ரன் அடித்தார்.

என் கணக்கில் இரண்டு அணியும் சரியாகத்தான் செய்தன. அந்த ஒரு அக்டோபருக்காக யாங்கீஸ் இதே விலையை மறுபடியும் கொடுக்கலாம்.

இனி உங்கள் முறை. 2025 சீசன் முடிந்தபோது டெட்ராய்ட் டைகர்ஸின் பிட்சர் டாரிக் ஸ்கூபல் இரண்டு சை யங் விருது வாங்கியிருந்தார். ஃப்ரீ ஏஜென்ட் ஆக மிச்சம் ஓராண்டு. உங்களுக்குப் பிடித்த அணியிலிருந்து அவருக்காக யாரையெல்லாம் கொடுப்பீர்கள்? கோடு போட்டு, பெயருக்கு எதிரே ஆண்டையும் எழுதி, பிறகு டெட்ராய்ட்காரராக ஒருமுறை படித்துப் பாருங்கள்.