பழைய ஹாட் ராட் படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கலிஃபோர்னியாவின் மொகாவி பாலைவனத்து வறண்ட ஏரிகளில் ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார், ஓட்டிய பையன்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் கையில் கிடைத்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. ஆனால் கீழே எழுதியிருக்கும் ஆண்டை நான் உடனே நம்புவதில்லை. அது பிற்பாடு யாரோ ஊகித்து எழுதியதாக இருக்கலாம். காரைக் கேட்பதுதான் சரி.

காரில் இருக்கும் பாகங்களில் எது கடைசியாகச் சந்தைக்கு வந்ததோ, படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அதனால் பாடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் (கூரையில்லாத திறந்த கார்) பாடியை 1932 ஃபோர்டு சேசிஸ் மேல் உட்காரவைப்பது அன்று சர்வசாதாரணம். மட்கார்டு, முன் கண்ணாடி, ஹெட்லைட் எல்லாம் ஏரிக்கரையிலேயே கழன்றுவிடும். எடையும் குறையும், காற்றும் அவ்வளவாகத் தடுக்காது.

முதலில் வீலைப் பாருங்கள். எனக்கு இதுதான் மிக நம்பகமான சாட்சி. 1936 முதல் 1939 வரை வந்த ஃபோர்டு வீல்களில் ஐந்து போல்ட்டுகளும் மிக அகலமான வட்டத்தில், பிரேக் டிரம்மின் ஓரத்தை ஒட்டி இருக்கும். 1940-இல் அந்த வட்டம் சுருங்கி நடுவுக்கு வந்துவிட்டது. பூதக்கண்ணாடி இருந்தால் போதும், ஒரே பார்வையில் தெரியும்.

அப்புறம் எஞ்சின். பக்கத்துக்கு மூன்று புகைக்குழாய் வெளியே நீட்டினால் அது 1932-இல் வந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சின் என்று கொள்ளலாம். ஒரு பக்கம் நாலு சிலிண்டர், ஆனால் நடு இரண்டுக்கும் புகைவழி பொது. கார்புரேட்டருக்குப் பதில் ஊதுகுழல் போல நிமிர்ந்த குழாய்கள் வரிசையாக நின்றால் பந்தயக்காரர் ஸ்டூ ஹில்போர்ன் உருவாக்கிய, எரிபொருளை நேராகப் பீய்ச்சும் இன்ஜெக்ஷனாக இருக்கலாம். அப்படியானால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய படம்.

காரைச் சுற்றியும் பாருங்கள். பல கார்கள் பக்கம் பக்கமாகப் புழுதி கிளப்பி ஓடினால் பெரும்பாலும் ஆரம்ப காலம். முன்னால் போகிறவருக்கு மட்டும்தான் வழி தெரியும், பின்னால் வருகிறவருக்கு உயிர் கையில். 1937-இல் தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானதற்கு இந்த ஒழுங்கின்மை ஒரு காரணம். ஒவ்வொரு காராக விட்டு, கடிகாரத்தோடு மோதவைக்கும் முறை நிலைத்தது. அந்தச் சங்கம் ஆரம்பத்தில் பல ஆண்டுகள் கூரை வைத்த கூப்பேக்களைச் சேர்க்கவில்லை. ரஸெட்டா என்ற இன்னொரு சங்கம் சேர்த்துக்கொண்டது.

இடம் எழுதியிருந்தால் அதையும் சோதியுங்கள். போருக்கு முன் பந்தயம் நடந்த வறண்ட ஏரி முரோக். ‘முரோக், 1947’ என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த ஏரி அப்போது ராணுவ விமானதளம். அதே ஆண்டு அக்டோபரில் விமானி சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியது அங்கிருந்து கிளம்பித்தான். போருக்குப் பின் பந்தயக்காரர்களுக்கு எல் மிராஜ் என்ற இன்னொரு வறண்ட ஏரிதான் வீடு.

ஒரு உதாரணம். படத்தின் அடியில் 1938. காரில் 1940 வீல். ஆக, 1938 அடிபட்டுவிட்டது. பின்னணியில், ஓரமாக, மீன் வடிவத்தில் ஒரு வண்டி நிற்கிறது. போர் விமானத்தின் அடியில் தொங்கிய பெட்ரோல் டாங்கியில் வீல் மாட்டியது. பில் பர்க் என்ற பந்தயக்காரர் 1946-இல் முதன்முதலாகச் செய்தது அது. நான் என்றால் படத்தின் பின்புறம் பென்சிலில் ‘1946 அல்லது அதற்குப் பின்’ என்று எழுதுவேன்.