‘ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே?’ – அந்தக் கேள்வியைக் கையாளும் முறை

முதலில் கேள்வியை முழு வாக்கியமாக ஒரு தாளில் எழுதுங்கள். ‘ஏன் எதுவும் இருக்கிறது?’ என்று எழுதினால் தமிழே இடறும். ‘எதுவும்’ பெரும்பாலும் ‘இல்லை’யோடுதான் ஒட்டும். இப்படி எழுதுங்கள்: ‘ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏதோ இருக்கிறதே, ஏன்?’ நீளம்தான். ஆனால் இதில் மூன்று உறுப்புகள் தனித்தனியாகத் தெரிகின்றன: ‘ஏன்’, ‘ஒன்றுமே இல்லாமல்’, ‘இருந்திருக்கலாமே’. மூன்றையும் கழற்றிப் பார்த்த பிறகே பதிலுக்குப் போக வேண்டும்.

‘ஏன்’ என்பதைக் கழற்றுதல்

‘ஏன்’ இருக்கும் இடத்தில் ‘எதற்காக’ போட்டுப் படியுங்கள். இது நோக்கம் கேட்கிறது. நோக்கம் என்றால் அதைக் கொண்டவர் ஒருவர் வேண்டும். அவரும் ‘இருப்பவை’ பட்டியலில் சேர்ந்துவிடுவார். ‘எதனால்’ போட்டால் காரணம் கேட்கிறது. காரணமும் இருந்தால்தானே காரியம்? அதுவும் பட்டியலுக்குள் வந்துவிடும். மிஞ்சுவது மூன்றாவது: ‘இருப்பதற்கு விளக்கம் ஏதேனும் உண்டா, அல்லது விளக்கமே இல்லையா?’ மூன்றில் எதைக் கேட்கிறீர்கள் என்று தாளின் ஓரத்தில் குறித்துவிடுங்கள். ஒருவர் ‘எதனால்’ என்று கேட்க, மற்றவர் ‘எதற்காக’ என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் இந்த விவாதங்களில் அடிக்கடி நடப்பது.

‘ஒன்றுமில்லை’ எந்தப் படியில்?

அதிக நேரம் இங்கே செலவிடுங்கள். தாளில் ஐந்து படிகள் வரைந்து, ஒவ்வொரு படியிலும் ஒன்றை நீக்குங்கள்:

1. பொருள்கள்: அணுக்கள், விண்மீன்கள், ஒளி எல்லாம்.
2. அவற்றுக்கு அடியில், இடமெங்கும் பரவியிருக்கும் புலங்களும் ஆற்றலும்.
3. இடமும் காலமும்.
4. இயற்பியல் விதிகள்.
5. எண்களும் கணித உண்மைகளும், ‘இது சாத்தியம்’ என்ற சாத்தியமும்கூட.

இனி யார் என்ன பதில் சொன்னாலும் அது எந்தப் படியில் நின்று தொடங்குகிறது என்று பாருங்கள். ‘குவாண்டம் வெற்றிடத்திலிருந்து துகள்கள் தோன்றுகின்றன’ என்பது முதல் படி. துகள்கள் எல்லாம் நீங்கிய அந்த வெற்றிடம் வெறுமை அல்ல. மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948-இல் ஹென்ட்ரிக் காசிமிர் கணித்தார். 1997-இல் ஸ்டீவ் லாமரோ, மைக்ரோமீட்டர் அளவிலான இடைவெளிகளில் அந்த விசையை அளந்து காட்டினார். அங்கே எல்லாவற்றையும் நீக்கிவிடவில்லை, புலங்கள் இருக்கின்றன. அலெக்சாண்டர் விலென்கின் 1982-இல் முன்வைத்த மாதிரி இன்னும் துணிச்சலானது: இடமும் காலமும் இல்லாத நிலையிலிருந்து ஒரு சிறு பிரபஞ்சம் குவாண்டம் முறையில் தோன்றலாம் என்றது. மூன்றாம் படியைத் தாண்டிவிட்டது. நான்காம் படியில் விதிகள் அப்படியே நிற்கின்றன. எந்தப் பொருளும் இல்லாதபோது அவை எதன் விதிகள் என்பது திறந்தே கிடக்கிறது. இதைச் சொல்வது இயற்பியலைக் குறைத்துப் பேசுவதாகாது. அது கேட்ட கேள்வி வேறு, அதற்கு அது நன்றாகவே பதில் சொல்கிறது.

ஐந்தாம் படியில் வேறொரு சிக்கல் வரும். தமிழ்த் தருக்க மரபு ‘இன்மை’யை நான்காகப் பிரிக்கிறது: முன்னின்மை, அழிவுபாட்டின்மை, முழுதுமின்மை, ஒன்றினொன்றின்மை. குடம் வனைவதற்கு முன் இல்லை, உடைந்தபின் இல்லை, காற்றில் உருவம் எக்காலத்திலும் இல்லை, குடம் துணி அல்ல. நான்கிலும் ‘எது இல்லை’, ‘எங்கே இல்லை’ என்ற இரண்டுக்கும் விடை உண்டு. எல்லாமே இல்லை என்றால் இல்லாமல் இருப்பதற்கும் ஓர் இடம் கிடைக்காது. பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சனும் 1907-இல் வேறு வழியில் இதையொட்டிய முடிவுக்கு வந்தார்: முழு வெறுமை என்பது போலிக் கருத்து, ஆகவே கேள்வியும் போலி.

உடனே தாளைக் கிழிக்க வேண்டாம்.

‘இருந்திருக்கலாமே’ என்பதைச் சோதித்தல்

முழு வெறுமை சாத்தியம்தானா என்று பார்க்க ஒரு கழித்தல் பயிற்சி உண்டு; தாமஸ் பால்ட்வின் 1996-இல் முறைப்படுத்தியது. மூன்று கூழாங்கற்கள் மட்டுமே உள்ள உலகம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு கல்லும் இல்லாமல் போயிருக்கலாம். ஒன்று இல்லாமல் போவதால் புதிதாக வேறொன்று வந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், ஒன்று பூஜ்யமாகும்.

நடுவில் இருக்கும் நிபந்தனையைப் பலர் விட்டுவிடுவார்கள். ‘ஒவ்வொன்றும் இல்லாமல் போகலாம், ஆகவே எல்லாமே இல்லாமல் போகலாம்’ என்று நேரே தாவினால் தவறு. ஐந்து பேர் ஓடும் பந்தயத்தில் எவரும் முதலிடத்தைத் தவறவிடலாம். அதற்காக எல்லோருமே தவறவிட முடியாது. ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடிக்கிறார். கற்கள் விஷயத்தில் அப்படி ‘இன்னொன்று வந்து நிரப்பாது’ என்று காட்டினால்தான் கழித்தல் செல்லும். செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் நீங்கியது பருப்பொருள்தான். கற்கள் கிடந்த இடமும், ‘மூன்று’ என்ற எண்ணும் நீங்கியதாக இந்தப் பயிற்சி காட்டவில்லை.

பதில்களுக்கு விலை போடுதல்

இப்போதுதான் பதில்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை ஏற்க எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

‘இருந்தே தீர வேண்டிய ஒன்று இருக்கிறது’ என்பது ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸின் வழி; அந்த ஒன்று அவருக்குக் கடவுள். 1714-இல் இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுதியவர் அவர். எதற்கும் போதிய காரணம் உண்டு என்பது அவருடைய அடித்தளம். ‘அப்படியானால் கடவுளை யார் படைத்தது?’ என்ற எதிர்க்கேள்வி இங்கே குறி தவறும், ஏனென்றால் படைக்கப்படாதது என்றுதானே அவர் சொல்கிறார். சரியான இடி வேறு பக்கம் இருக்கிறது. வேறுவிதமாக இருந்திருக்கக்கூடிய எல்லா உண்மைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டுங்கள். மூட்டைக்குப் போதிய காரணம் எது? அதுவும் வேறுவிதமாக இருந்திருக்கக்கூடியது என்றால் மூட்டைக்குள்ளேயே கிடக்கும். தனக்குத் தானே காரணமாகும். தவிர்க்க முடியாதது என்றால், அதிலிருந்து வருவதெல்லாம் தவிர்க்க முடியாததாகும்; நீங்கள் இன்று தும்மியது உட்பட. பீட்டர் வான் இன்வேகன் அழுத்திச் சொன்ன விலை இது. கொடுக்கலாம், தெரிந்து கொடுங்கள்.

‘இருக்கிறது, அவ்வளவுதான்’ என்பது 1948 பிபிசி வானொலி விவாதத்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எடுத்த நிலை. 18-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி டேவிட் ஹியூம் சமயம் பற்றி எழுதிய உரையாடல் நூலிலும் இதற்குத் துணை உண்டு: இருபது துகள்களுக்கும் தனித்தனியே காரணம் சொன்னபின், இருபதும் சேர்ந்ததற்கு என்ன காரணம் என்று கேட்பது நியாயமில்லை. இதற்கு லைப்னிட்ஸ் 1697-லேயே ஓர் எதிர் உதாரணம் வைத்திருந்தார். ஒரு வடிவியல் நூல், ஒவ்வொரு பிரதியும் முந்தைய பிரதியைப் பார்த்து எழுதியது, தொடக்கமே இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் காரணம் இருக்கிறது. இப்படியொரு நூல் ஏன் இருக்கிறது என்பதற்கு மட்டும் இல்லை. இந்தச் சுற்றில் லைப்னிட்ஸ் பக்கமே கை ஓங்கியிருக்கிறது.

நிகழ்தகவு வழி சுருக்கமானது, கவர்ச்சியானது, ஆபத்தானது. வெறுமை ஒரே விதம், இருப்பு எண்ணற்ற விதம்; ஆகவே வெறுமைக்கான வாய்ப்பு பூஜ்யம். எல்லா விதங்களுக்கும் சம எடை என்று சொன்னது யார்? ஒரு பெட்டியில் கோலிகள் இல்லாமலோ 1 முதல் 100 வரையோ இருக்கலாம் என்பதால், அது காலியாக இருக்கும் வாய்ப்பு 101-இல் 1 ஆகிவிடாது. யாரும் எதுவும் போடாத பெட்டி காலியாகத்தான் இருக்கும்.

இந்த ‘காலியாகத்தான் இருக்கும்’ என்ற எண்ணத்தையும் விட்டுவைக்காதீர்கள். வெறுமையே எளியது என்று லைப்னிட்ஸ் கருதியதால்தான் இருப்பு அவருக்கு விளக்கம் கேட்டது. ‘இல்லது தோன்றாது, உள்ளது அழியாது’ என்று தொடங்கும் சைவ சித்தாந்தத்தில் மாயை, அதாவது உலகம் உருவாகும் மூலப்பொருள், என்றும் உள்ளது. ஆகவே 13-ஆம் நூற்றாண்டுச் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம், உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறதே, எதில் ஒடுங்கி மீண்டும் தோன்றுகிறது என்று விசாரிக்கிறது. வெறுமை அங்கே போட்டியிலேயே இல்லை. எது இயல்புநிலை என்று நீங்கள் வைத்துக்கொண்டீர்களோ, உங்கள் வியப்பும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

தாளின் அடியில் மூன்றை எழுதுங்கள்: எந்த ‘ஏன்’, எத்தனையாவது படி, என்ன விலை. ஐந்தாம் படியில் நின்று எதுவும் நகரவில்லை என்றால் ஒரு படி மேலே வந்து, ‘ஏன் இந்த விதிகள்?’ என்று கேளுங்கள். அங்கே அளக்கவும் கணக்குப் போடவும் இன்னும் இடம் இருக்கிறது.